திரவப் பளிங்குக்குள் நனோத்துணிக்கை: நான் பிழையாக எழுதிய ஒரு செய்தியின் பின்கதை

சில வருடங்களுக்கு முன்னர் இணையத்தளம் ஒன்றுக்கு அறிவியல் செய்தி எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஊடக அறிக்கையை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் எழுதியது. திரவப் பளிங்குக்குள் நனோத்துணிக்கைகளைச் சேர்த்தால் அது குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குகிறது என்று அறிக்கை சொன்னது. நான் அதற்கு, "நனோ தொழில்நுட்பத்தால் கைபேசி மின்கலத்தின் ஆயுள் இரட்டிப்பாகும்" என்று தலைப்பு வைத்தேன். செய்தி நன்றாகப் பகிரப்பட்டது. எனக்கும் சந்தோசம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். "தம்பி, நீங்கள் எழுதினதில அரைவாசி எனக்கு விளங்குது. மற்ற அரைவாசி உங்களுக்கே விளங்கேல்லை எண்டு நினைக்கிறன்" என்று ஆரம்பித்தார். அவரிடம் படிக்கும் பிள்ளை ஒன்று என் செய்தியை அப்படியே எடுத்துத் தன் ஒப்படையில் எழுதியிருக்கிறது. அது பிழை என்று அவர் சொன்னபோது, "சேர், செய்தியிலயே போட்டிருக்கு" என்று பிள்ளை பதில் சொல்லியிருக்கிறது.

அவர் என்னைத் திட்டவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். "துணிக்கை எவ்வளவு பெரிசு? எவ்வளவு போட்டவை? வேற ஆரும் செய்து பாத்தவையோ?" ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற எனக்கு ஒரு செய்தியில் யார், எங்கே, எப்போது என்று கேட்கத் தெரியும். எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தக் கட்டுரை அந்த மூன்று கேள்விகளுக்கும் பிந்தி வரும் பதில்.

திரவமா, பளிங்கா?

1888 ஆம் ஆண்டு. பிராக் நகரில் பணியாற்றிய ஒஸ்ரிய நாட்டுத் தாவரவியலாளர் பிரெடெரிக் ரெய்னிட்சர், கரட்டிலிருந்து எடுத்த கொலஸ்திரோல் சேர்வை ஒன்றைச் சூடாக்கிப் பார்த்தார். பனிக்கட்டிக்கு ஓர் உருகுநிலை இருப்பதைப் போல எந்தத் தூய பொருளுக்கும் ஓர் உருகுநிலைதான் இருக்க வேண்டும். இந்தப் பொருள் இரண்டு தரம் உருகியது. 145.5 பாகை செல்சியசில் கலங்கலான திரவமாக மாறியது. 178.5 பாகையில் அந்தக் கலங்கல் திடீரெனத் தெளிந்தது. காரணம் புரியாமல் அவர் ஜேர்மனியப் பௌதிகவியலாளர் ஒட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதினார். லேமனிடம், சூடாக்கியபடியே பொருளைப் பார்க்கக்கூடிய, முனைவாக்கிய ஒளியில் இயங்கும் நுணுக்குக்காட்டி இருந்தது. அதனூடாகப் பார்த்தபோது அந்தக் கலங்கல் திரவம் பளிங்கைப் போலவே ஒளியைக் கையாண்டது. திரவம் போல ஓடியது, பளிங்கு போல ஒழுங்காக இருந்தது. திரவப் பளிங்கு என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு வழி. விளக்குமாற்று ஈர்க்குகளைச் சிறு துண்டுகளாக முறித்து ஒரு தட்டில் நிறையப் போட்டு மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் தன் இடத்தை விட்டு நகரும். ஆனால் நெருக்கம் கூடக்கூட அவை ஏறத்தாழ ஒரே திசையைப் பார்த்தபடி படுக்கத் தொடங்கும். இடத்தில் ஒழுங்கில்லை, திசையில் ஒழுங்கு இருக்கிறது. கோல் வடிவ மூலக்கூறுகள் இப்படி இருக்கும் நிலைக்கு நெமற்றிக் என்று பெயர். பிரான்ஸ் நாட்டவரான ஜோர்ஜ் பிரீடல் 1922 இல் திரவப் பளிங்குகளை வகைப்படுத்தியபோது, நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். நுணுக்குக்காட்டியில் நூல் நூலாகத் தெரியும் கோடுகளே அதற்குக் காரணம்.

நீண்ட காலம் இது ஆய்வுகூட வேடிக்கையாகவே இருந்தது. சூடாக்கினால் மட்டும் திரவப் பளிங்காகும் பொருளை வைத்துக் கருவி செய்ய முடியாது. 1973 அளவில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரேயும் அவரது குழுவினரும் அறை வெப்பநிலையில் நிலையாக இருக்கும் மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்று 5சீபீ. இன்றைக்கும் நனோத்துணிக்கை ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது இதுதான். மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 2 நனோமீற்றர். 22 தொடக்கம் 24 பாகை அளவில் நெமற்றிக் நிலைக்கு வந்து, 35 பாகையில் சாதாரணத் திரவமாகிவிடும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் அந்த எல்லையைத் தொடக்கூடியது. எனவே விற்பனைக்கு வரும் திரைகளில் தனி 5சீபீ இல்லை. பத்துக்கும் மேற்பட்ட சேர்வைகள் கலந்த கலவையே இருக்கிறது. அது கூடுதலான வெப்பத்தைத் தாங்கும்.

திரைக்குள் நடப்பது

இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். நடுவில் 3 தொடக்கம் 5 மைக்குரோமீற்றர் தடிப்பில் திரவப் பளிங்கு. ஒரு தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிகளின் உட்புறப் பூச்சு மூலக்கூறுகளை ஒரு திசையில் படுக்கவைக்கிறது. மேல் கண்ணாடியில் ஒரு திசை, கீழ்க் கண்ணாடியில் அதற்குச் செங்குத்தான திசை. ஆகவே இடையிலுள்ள மூலக்கூறுகள் சுழல்படிக்கட்டுப் போல 90 பாகை முறுகி நிற்கின்றன. ஒளியும் அந்தப் படிக்கட்டோடு சேர்ந்து திரும்பி வெளியே வருகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் எழுந்து நிற்கும், படிக்கட்டுக் குலையும், ஒளி தடைப்படும். 1970 களின் தொடக்கத்தில் வந்த இந்த அமைப்புத்தான் கணிப்பான்களையும் கைக்கடிகாரங்களையும் நம் கைக்குக் கொண்டுவந்தது. இன்றைய பெரிய திரைகளில் மூலக்கூறுகளை அடுக்கும் முறை வேறு. அடிப்படை அதேதான்.

இதில் கவனிக்க வேண்டிய அளவுகள் மூன்று. முதலாவது, மூலக்கூறுகள் அசையத் தொடங்கும் தொடக்க மின்னழுத்தம். 5சீபீயில் இது ஒரு வோல்ற்றுக்கும் குறைவு. இரண்டாவது, திரும்பும் வேகம். வேகம் போதாவிட்டால் கிரிக்கெட் பந்துக்குப் பின்னால் வால் முளைத்ததுபோல் தெரியும். மூன்றாவது, ஒழுங்கு குலைந்து சாதாரணத் திரவமாகும் வெப்பநிலை. நனோத்துணிக்கை ஆய்வுகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றை மாற்றப் பார்ப்பவை.

முதல் கேள்வி: எவ்வளவு பெரிசு?

தேர்த் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள். தேர் வந்தால் கூட்டம் வளைந்து வழிவிட வேண்டும். தேரைச் சுற்றி நிற்பவர்களின் திசை குழம்பும். அதே கூட்டத்துக்குள் ஒரு சின்னப் பிள்ளை நுழைந்து ஓடினால் யாரும் திரும்ப மாட்டார்கள். திரவப் பளிங்குக்குள்ளும் இப்படித்தான்.

ஒரு மைக்குரோமீற்றரும் அதற்கு மேலுமான துணிக்கை தேர் போன்றது. அதன் மேற்பரப்பு, தன்னைத் தொடும் மூலக்கூறுகளை ஒரு குறிப்பிட்ட திசையில் நிற்கச் சொல்கிறது. தூரத்தில் நிற்கும் கூட்டமோ வேறு திசையில் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் குறைபாடு ஒன்று தோன்றும். 1997 இல் பிலிப் பூலன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நெமற்றிக்கில் மிதக்கும் நீர்த்துளிகள் இத்தகைய குறைபாடுகளால் ஒன்றையொன்று இழுத்துச் சங்கிலியாக நிற்பதைக் காட்டினார்கள். 2006 இல் ஸ்லோவேனியாவின் லியுபிளியானா நகரில் இகோர் முசேவிச்சின் குழு, அதே விசையைக் கொண்டு நுண்ணிய கோளங்களைச் சீரான பளிங்கு வரிசையாக அடுக்கிக் காட்டியது.

நனோத்துணிக்கை சின்னப் பிள்ளை. மேற்பரப்பு மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும் வலு, துணிக்கையின் பரப்பளவோடு கூடிக் குறையும். வளைவதற்கு எதிராகத் திரவப் பளிங்கு காட்டும் மீள்தன்மை எதிர்ப்போ துணிக்கையின் ஆரையோடுதான் கூடிக் குறையும். துணிக்கை சிறுக்கச் சிறுக்கப் பரப்பளவு விரைவாகக் குறைவதால், ஒரு கட்டத்தில் மீள்தன்மை வென்றுவிடுகிறது. வழமையான பொருள்களில் இந்த எல்லை ஒரு மைக்குரோமீற்றர் அளவில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே வருகிறது. 10 நனோமீற்றர்த் துணிக்கை அந்த எல்லைக்கு மிகவும் கீழே இருப்பது. ஐந்து 5சீபீ மூலக்கூறுகளை வரிசையாக வைத்தால் வரும் நீளம்தான் அதன் அகலம். அது கூட்டத்தை வளைக்காது. கண்ணுக்குப் பழைய திரவப் பளிங்கு போலவே தெரியும். ஆனால் அதன் மின், காந்த இயல்புகள் மாறியிருக்கலாம். நனோத்துணிக்கையின் கவர்ச்சி இதுதான். புதிய மூலக்கூறு ஒன்றைத் தொகுக்காமல், இருக்கும் பொருளில் ஒரு சிட்டிகை சேர்த்து அதன் குணத்தை மாற்றப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு போட்டவை?

சிட்டிகை என்று சொன்னது சும்மா அல்ல. பெரும்பாலான ஆய்வுகளில் துணிக்கைகளின் பங்கு நிறையில் ஒரு வீதத்துக்கும் குறைவு. கூடப் போட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பத்து நனோமீற்றர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கைகோத்தால் அது தேர்தான். குறைபாடுகள் தோன்றும், ஒளி சிதறும், திரை மங்கும்.

கட்டியாவதற்குத் திரவப் பளிங்கும் ஒரு காரணம். சாதாரணத் திரவ நிலையிலிருந்து ஆறி நெமற்றிக் ஆகும்போது ஒழுங்கான பகுதிகள் வளர்ந்து பரவும். தங்களுக்குள் இடைஞ்சலாக இருக்கும் துணிக்கைகளை அவை ஒழுங்கில்லாத பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். வேலியோரம் குப்பை சேர்வதுபோல் துணிக்கைகள் ஓரங்களில் சேர்ந்துவிடும். இதைத் தடுக்கத் துணிக்கைகளுக்குச் சேதன மூலக்கூறுகளால் மேலுடை போடுகிறார்கள். பலவற்றுக்கு ஒலெயிக் அமிலம். தங்கத் துணிக்கைகளுக்குக் கந்தகம் கொண்ட தயோல்கள். ஒரே துணிக்கை, ஒரே திரவப் பளிங்கு, வேறு மேலுடை என்றால் விளைவும் வேறாகலாம். சேர்த்த பொருள் எது என்று கேட்பதோடு அதன் மேலுடை எது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

43 வருடம் காத்திருந்த எண்ணம்

இந்தத் துறையின் மூல எண்ணம் 1970 இல் வந்தது. பிரான்சில் பிரான்சுவாஸ் புரொஷாரும் பியர் ஜில் டி ஜென்னும் ஒரு கோட்பாட்டுக் கட்டுரை எழுதினார்கள். திரவப் பளிங்கு மின்புலத்துக்கு இலகுவாகப் பணியும். காந்தப்புலத்துக்குப் பணிய மிகவும் வலுவான காந்தம் வேண்டும். நுண்ணிய காந்தத் துணிக்கைகளைச் சிறிதளவு கலந்தால், துணிக்கைகள் காந்தத்தோடு திரும்பும், மூலக்கூறுகள் துணிக்கைகளோடு திரும்பும் என்பது அவர்கள் கணிப்பு. டி ஜென் பின்னர் 1991 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

தாளில் இலகுவாக இருந்த விடயம் குப்பியில் சரிவரவில்லை. காந்தத் துணிக்கைகள் இயல்பாகவே ஒன்றையொன்று இழுக்கும், கட்டியாகும், அடியில் படியும். காந்தம் இல்லாத நேரத்திலும் தானே காந்தமாக நிற்கும் திரவப் பளிங்கு 2013 இல்தான் கைகூடியது. லியுபிளியானாவில் உள்ள யோஜெவ் ஸ்ரெபான் நிறுவகத்தில் அலெங்கா மெர்தெலி, தார்யா லிசியாக் ஆகியோரின் குழு, கோளங்களுக்குப் பதிலாகத் தட்டு வடிவத் துணிக்கைகளை எடுத்தது. பேரியமும் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த காந்தப் பொருளாலான தட்டுகள் அவை. அகலம் சுமார் 70 நனோமீற்றர், தடிப்பு 5 நனோமீற்றர் அளவு. மேலுடை போட்டு, 5சீபீயில் கலந்து, சூடான திரவ நிலையிலிருந்து சடுதியாக ஆறவைத்தார்கள். ஓரங்களுக்குத் தள்ளுப்பட நேரம் கிடைக்காமல் தட்டுகள் இருந்த இடத்திலேயே நின்றன. தட்டின் பரந்த முகம் மூலக்கூறுகளின் திசைக்குச் செங்குத்தாக நிற்பதால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டவும் இல்லை. சிறிய காந்தம் ஒன்றுக்கே அந்தத் திரவம் நிறம் மாறிப் பதில் சொன்னது.

கணிப்புக்கும் செயலுக்கும் இடையில் 43 வருடங்கள். துணிக்கையின் வடிவம், மேலுடை, ஆறவைத்த வேகம் ஆகிய மூன்றும் பொருந்தியபோதுதான் அது நடந்தது.

மூன்றாவது கேள்வி: வேற ஆரும் செய்து பாத்தவையோ?

ஆசிரியரின் இந்தக் கேள்விதான் என் செய்தியைக் கவிழ்த்தது.

2003 இல் உக்ரைனின் கியேவ் நகரிலும் அமெரிக்காவின் கென்ற் ஸ்ரேற் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய யூரி ரெஸ்னிகோவ், ஜோன் வெஸ்ற் முதலியோர் ஒரு முடிவை வெளியிட்டனர். வெள்ளீயம், பொசுபரசு, கந்தகம் சேர்ந்த பெரோமின் பொருள் ஒன்றை அரைத்து நுண்துணிக்கையாக்கித் திரவப் பளிங்கில் மிகச் சிறிதளவு கலந்தார்கள். பெரோமின் பொருள் என்பது காந்தம் போன்றது. வட தென் முனைகளுக்குப் பதிலாக நிரந்தரமான நேர், மறை மின்முனைகளைக் கொண்டிருக்கும். கலவையின் தொடக்க மின்னழுத்தம் குறைந்தது. அடுத்த சில வருடங்களில் பேரியம் தைத்தனேற்றுத் துணிக்கைகளைச் சேர்த்தபோது ஒழுங்கு கூடியதாகவும், ஒழுங்கு குலையும் வெப்பநிலை உயர்ந்ததாகவும் முடிவுகள் வந்தன. துணிக்கையின் மின்முனைகள் சுற்றியுள்ள மூலக்கூறுகளை இழுத்து வரிசைப்படுத்துகின்றன என்பது விளக்கம்.

மற்ற ஆய்வுகூடங்கள் அதைத் திருப்பிச் செய்தபோது முடிவுகள் ஒன்றுபோல வரவில்லை. சிலருக்கு வெப்பநிலை உயர்ந்தது, சிலருக்குக் குறைந்தது, சிலருக்கு ஒன்றும் மாறவில்லை. யாரும் பொய் சொன்னார்கள் என்றில்லை. அரைத்து எடுக்கும் துணிக்கைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. அளவு மிகவும் குறைந்தால் பெரோமின் இயல்பே மங்கிவிடலாம். அப்படியானால் ஒரே தூளுக்குள் வேலை செய்யும் துணிக்கையும் செய்யாத துணிக்கையும் கலந்து கிடக்கும். கலப்பதற்குப் பயன்படுத்திய கரைப்பான் முழுவதும் ஆவியாகாமல் எஞ்சினாலும் வெப்பநிலை குறையும். 2010 அளவில் ஆய்வாளர் சிலர், சீரற்ற மின்புலத்தைக் கொண்டு உண்மையாகவே மின்முனை உள்ள துணிக்கைகளை மட்டும் பொறுக்கியெடுக்கும் முறையைக் கையாண்டார்கள். நெல்லைத் தூற்றிப் பதரைப் பிரிப்பதுபோன்ற வேலை. விளைவு வலுவாகத் தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்க மின்னழுத்தம் குறைவது எப்போதும் நல்ல சகுனம் அல்ல. துணிக்கைகள் ஒழுங்கைக் குலைத்தாலும் மீள்தன்மை தளர்ந்து மின்னழுத்தம் குறையும். திரவப் பளிங்கைச் சூடாக்கினாலும் அதே விளைவு வரும். மின்னழுத்தம் குறைந்தது என்ற ஒரு வரியை மட்டும் வாசித்தால் பொருள் மேம்பட்டதா, பழுதடைந்ததா என்று சொல்ல முடியாது.

மின்னழுத்தம் உண்மையாகவே பாதியானாலும் என் தலைப்புப் பிழைதான். திரவப் பளிங்குத் திரையில் மின்சாரத்தின் பெரும்பங்கைத் தின்பது பின்னாலிருக்கும் விளக்கு. முனைவாக்கிகளையும் நிற வடிகட்டிகளையும் தாண்டி நம் கண்ணுக்கு வருவது அந்த விளக்கின் ஒளியில் பத்து வீதத்துக்கும் குறைவு. மூலக்கூறுகளைத் திருப்பச் செலவாகும் மின்சாரம் அதோடு ஒப்பிடச் சிறிது. அதை மிச்சம் பிடித்து மின்கலத்தின் ஆயுளை இரட்டிப்பாக்க முடியாது. பிள்ளையின் ஒப்படையில் ஆசிரியர் சிவப்புக் கோடு இழுத்தது இந்த இடத்தில்.

அழுக்கை உறிஞ்சுவதும் அழுக்காக்குவதும்

திரவப் பளிங்கில் எப்போதும் சிறிதளவு அயன்கள் இருக்கும். பசையிலிருந்தும் கண்ணாடிப் பூச்சிலிருந்தும் அவை வந்து சேரும். நெடுநேரம் ஒரே படம் நின்றால் அதன் நிழல் திரையில் ஒட்டிக்கொள்வதற்கு இவையும் ஒரு காரணம். தைத்தேனியம் ஈரொட்சைட்டு உள்ளிட்ட சில நனோத்துணிக்கைகள் இந்த அயன்களைத் தம் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்வதாகப் பல ஆய்வுகள் காட்டின. சிறிய துணிக்கைக்கு அதன் நிறையோடு ஒப்பிட மேற்பரப்பு மிக அதிகம் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே.

யூரி கார்பொவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இதன் மறுபக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். துணிக்கையே அயன் அழுக்கோடு வந்தால் அது உறிஞ்சுவதற்குப் பதிலாக வெளியே விடும். வெப்பநிலையும் துணிக்கையின் அளவும் சேர்க்கும் பங்கும் மாறும்போது, அதே தூள் சுத்திகரிப்பானாகவும் அழுக்காக்கியாகவும் நடக்கலாம்.

குறைபாட்டில் போய் நிற்கும் துணிக்கை

தெளிவான வெற்றி ஒன்றையும் சொல்ல வேண்டும். சில திரவப் பளிங்குகள் சாதாரணத் திரவமாக மாறுவதற்குச் சற்று முன்னர் நீல நிலை என்ற ஒன்றுக்குப் போகும. அங்கே முறுகிய மூலக்கூறு உருளைகள் முப்பரிமாணத்தில் அடுக்கப்பட்டிருக்கும். இவற்றை இடைவெளியின்றி அடுக்க முடியாது என்பதால் குறைபாட்டுக் கோடுகள் வலைபோல ஊடாடும். அந்தக் கோடுகளைத் தாங்குவதற்குச் சக்தி தேவைப்படுவதால் நீல நிலை சாதாரணமாக ஒன்றிரண்டு பாகை இடைவெளிக்குள்தான் உயிரோடு இருக்கும். மிக வேகமாக மாறக்கூடிய நிலை இது. இவ்வளவு ஒடுங்கிய இடைவெளி என்பதால் பயன்படுத்த முடியாமல் இருந்தது.

2009 இல் ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோயுகி யோஷிதாவும் குழுவினரும் சில நனோமீற்றர் அளவுத் தங்கத் துணிக்கைகளைச் சேர்த்தார்கள். அந்த இடைவெளி பல பாகைகளுக்கு விரிந்தது. துணிக்கைகள் குறைபாட்டுக் கோடுகளுக்குள் போய்க் குந்திக்கொள்கின்றன என்பதே விளக்கம். சக்தி அதிகம் செலவாகும் இடத்தைத் துணிக்கை நிரப்பிவிடுவதால் அமைப்புக்குச் சுமை குறைகிறது. ஒழுங்கில்லாத பக்கத்துக்குத் துணிக்கை தள்ளப்படுவதுதான் மற்ற இடங்களில் தொல்லை. இங்கே அதுவே உதவியாகிறது.

கடையில் நிற்கும் தொலைக்காட்சி

இந்தக் கட்டுரைக்காகத் தகவல் தேடிக்கொண்டிருந்த நாட்களில் தொலைக்காட்சிக் கடை ஒன்றுக்குப் போனேன். "நனோ", "குவாண்டம்" என்ற சொற்கள் பெட்டிகளில் பெரிதாக இருந்தன. விற்பனையாளர் தம்பி, "அண்ணை, இதில நனோ பளிங்கு இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அந்தத் திரைகளிலும் நனோத்துணிக்கை உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் அது திரவப் பளிங்குக்குள் இல்லை. கியூலெட் என்று விற்கப்படும் தொலைக்காட்சிகளில் குவாண்டம் புள்ளிகள் ஒரு தனிப் படலத்தில் இருக்கின்றன. பின்னாலுள்ள நீல விளக்கின் ஒளியை வாங்கி, தூய பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றிக் கொடுப்பது அவற்றின் வேலை. அளவு மாறினால் நிறம் மாறும் இந்தத் துணிக்கைகளுக்காகவே மௌஞ்சி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகியோருக்கு 2023 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளியைத் திறந்து மூடும் திரவப் பளிங்கு அதற்கு முன்னால் தன்பாட்டில் நிற்கிறது.

திரவப் பளிங்குக்குள்ளேயே துணிக்கை கலக்கும் வேலை இன்னமும் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில்தான். ஒரு தொலைக்காட்சி பல வருடம் வேலை செய்ய வேண்டும். அவ்வளவு காலமும் துணிக்கைகள் கட்டியாகாமல், அயன் விடாமல் நிற்குமா என்பதுதான் தடை. வெயிலுக்கேற்ப மங்கும் சாளரங்கள், குவியம் மாறும் வில்லைகள், காந்தத்தை உணரும் கருவிகள் ஆகியவை அடுத்த நம்பிக்கைகளாகப் பேசப்படுகின்றன.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றும் ரூற்றைலும் இருக்கின்றன. இரண்டும் தைத்தேனியத்தின் தாதுக்கள். அந்த மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. அதிலிருந்து பெறக்கூடிய தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பூச்சு மையாகவும் முகக் களிம்பாகவும் நாம் விலை கொடுத்து வாங்கும் பொருளாகிறது. ஹோமாகமவில் இயங்கும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் 2008 இல் ஆரம்பிக்கப்பட்டது. மணலுக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கப் போகிறவர்கள் இன்று உயர்தர வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்தான். அவர்களுக்குப் போகும் செய்தி சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மீண்டும் அதே தொலைபேசி

எழுதி முடித்த பிறகு ஆசிரியருக்கு அழைப்பு எடுத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். தேர்த் திருவிழா உவமை நல்லது என்றார். ஆனால் கூட்டத்தில் நிற்கும் ஆட்களுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு, நெமற்றிக்கில் மூலக்கூறுகளின் தலையும் காலும் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான், அதையும் சொல்லிவிடும்படி கேட்டார். சொல்லிவிட்டேன்.

பழைய செய்தியின் தலைப்பை மாற்றித் திருத்தம் ஒன்றைச் சேர்க்கும்படி அந்த இணையத்தளத்துக்கு எழுதினேன். சேர்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று ஆசிரியரிடம் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் படிக்கிறதாம். "உங்கட கட்டுரையை அனுப்பிவிடுங்கோ. பிழை இருந்தா அது சொல்லும்" என்றார்.

அனுப்பியிருக்கிறேன்.